பக்கத்து நிலத்துத் தண்ணீர்

மனைப்பிரிவு வரைபடங்களில் மழைநீர் வடிகாலை நீலக் கோடாகப் போடுவார்கள். தெருவோரமாகவே போகும், மூலையில் திரும்பும், கடைசியில் ஒரு அம்புக்குறி. அந்த அம்பு மனைப்பிரிவின் எல்லையைத் தொட்டதும் நின்றுவிடும். அதற்கு அப்பால் வெள்ளைத் தாள். ஆனால் தண்ணீர் அங்கே நிற்பதில்லை. அந்த வெள்ளைத் தாளில் யாரோ குடியிருக்கிறார்கள், யாரோ நாற்று விட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பதுதான் என் கேள்வி. பொறியியல் கேள்வி மாதிரித் தெரியும். பாதிதான் பொறியியல்.

பொறியியல் படித்துவிட்டு மென்பொருளுக்குள் வந்து விழுந்தவர்களில் நானும் ஒருவன். சொந்தக்காரர்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது, இன்ஜினியர் என்றால் இன்ஜினியர். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டி மேற்கே, பத்து ஏக்கர் மனைப்பிரிவு ஒன்றில் மாமா ஒரு மனை பார்த்திருந்தார். நகர் ஊரமைப்பு இயக்கக அனுமதி உண்டு, ரெரா எண் உண்டு, ஆர்ச்சும் உண்டு. “தண்ணி நிக்குமான்னு மட்டும் பாத்துச் சொல்லிடு மாப்ள” என்றார். போய்ப் பார்த்தேன். நிற்காது. மூன்றடி நிரப்பியிருந்தார்கள். பத்து ஏக்கருக்கு மூன்றடி என்றால் சுமார் 37,000 கனமீட்டர் மண். நான்கு யூனிட் டிப்பரில் மூவாயிரம் லோடுக்கு மேல். (அந்தச் சவுடு எந்த ஏரியிலிருந்து வந்தது என்பது தனிக் கட்டுரை.)

தெற்கே ஒட்டி ஒரு வயல். வரப்பில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். “இங்க தண்ணி நிக்காது தம்பி, தாராளமா வாங்குங்க. நிக்கிற தண்ணிதான் இப்ப எங்கிட்ட வந்துடுதே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

மாமா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அவர் கேட்காத கேள்விக்கு இல்லை.

இந்தப் பகுதியின் நில அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தண்ணீர் இங்கே மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, தெற்கே எல்லையாகக் கொள்ளிடம், எல்லாமே கிழக்கு நோக்கித்தான். நாம் போட்டவையோ வடக்கு தெற்காகப் போகின்றன. விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம் வழியாக மயிலாடுதுறை போகும் ரயில் பாதை ஒரு கரை. அதோடு சேர்ந்து போகும் நெடுஞ்சாலை இன்னொரு கரை, நான்கு வழியாக்கியபோது அது இன்னும் உயர்ந்தது. தண்ணீர் இந்தக் கரைகளைக் குழாய்ப் பாலங்களின் வழியாக மட்டுமே தாண்ட முடியும். தாண்டினாலும் சிக்கல்தான். சிதம்பரம் கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கடலோ பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி. சரிவு என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது, அதே நாட்களில் கடலும் ஏறி நிற்கும், முகத்துவாரம் தண்ணீரை வாங்காது. இந்த ஊரில் மழைநீரை ‘வெளியேற்றுவது’ என்பது பெரும்பாலும் நம்மிடமிருந்து இன்னொருவரிடம் தள்ளுவதுதான்.

இதைப் பெருமழை ஆண்டுகள் காட்டிக்கொண்டே இருக்கின்றன. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. பண்ருட்டிப் பக்கம் பெரியகாட்டுப்பாளையத்திலும் விசூரிலும் ஓடை வெள்ளம் வீடுகளை ஆட்களோடு அடித்துக்கொண்டு போனது. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வலுவிழந்து நகராமல் நின்றபோது சிதம்பரத்தில் ஒரே நாளில் 30 சென்டிமீட்டருக்கு மேல். நடராஜர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் நின்றது. கோயிலின் மழைநீரைத் தில்லைக்காளி கோயில் குளத்துக்குக் கொண்டுபோகச் சோழர் காலத்தில் நிலத்தடி வடிகால் அமைத்திருந்தார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து நள்ளிரவு தாண்டி வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்தார்கள். தென்பெண்ணைக் கரையில் புதிதாக முளைத்திருந்த நகர்களின் பெயர்ப் பலகைகள் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன.

ஒரு மனைப்பிரிவு இதில் எவ்வளவு குற்றவாளி? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1851-இல் அயர்லாந்துப் பொறியாளர் மல்வேனி முன்வைத்த எளிய சூத்திரத்தைத்தான் இன்றும் சிறிய பரப்புகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். மழையின் வேகத்தைப் பரப்பால் பெருக்கி, அதில் எத்தனை பங்கு ஓடும் என்ற எண்ணாலும் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். மணிக்கு 50 மில்லிமீட்டர் மழையில் பத்து ஏக்கர் வரப்புள்ள வயல், ஓடும் பங்கு கால் என்று வைத்தால், வினாடிக்குச் சுமார் 140 லிட்டர் தண்ணீரை வெளியே விடும். அதே பத்து ஏக்கர் தார்ச்சாலை, மொட்டை மாடி, சிமெண்டு முற்றம் என்று ஆனபின், பங்கை 0.7 என்று வைத்தால், 390 லிட்டர். ஏறக்குறைய மூன்று மடங்கு.

இது ஓட்டக் கணக்கு மட்டும். தேக்கத்தின் கணக்கை யாரும் போடுவதில்லை, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அரையடி வரப்புள்ள பத்து ஏக்கர் வயல் அதிகபட்சம் 6,000 கனமீட்டர் மழையைத் தன்மேல் நிறுத்திவைக்கும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 500 லாரி. சம்பா நடவுக்குப் பின் வயலில் ஏற்கெனவே கொஞ்சம் தண்ணீர் நிற்கும் என்பதால் இது பாதியாகக்கூட இருக்கலாம். ஆனாலும் அந்த வரப்பு ஒரு வெள்ளத் தடுப்பு. யாரும் அதற்கு டெண்டர் விடவில்லை, பராமரிப்பு நிதி ஒதுக்கவில்லை, பெயரும் வைக்கவில்லை. அதனால்தான் அதை அழித்தபோதும் எந்தக் கோப்பிலும் அது பதிவாகவில்லை.

நிரப்பியதால் இடம் இழந்த அந்த 6,000 கனமீட்டர் கீழே இருக்கும் ஆயிரம் ஏக்கரில் பரவுவதாக வைத்துக்கொள்வோம். நீர்மட்டம் எவ்வளவு உயரும்? ஒன்றரை மில்லிமீட்டர். அதாவது ஒன்றுமில்லை. மனைப்பிரிவு போட்டவர் நெஞ்சில் கைவைத்து “என்னால் யார் வீட்டிலும் தண்ணீர் புகவில்லை” என்று சத்தியம் செய்யலாம். பொய்ச் சத்தியமாகாது. இப்படி நூறு மனைப்பிரிவுகள் வரட்டும். பதினைந்து சென்டிமீட்டர். கூரை வீட்டின் வாசற்படியைத் தாண்ட அது போதும். நூறு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். வீடும் உண்மையாகவே மூழ்குகிறது.

தத்துவத்தில் இந்தப் புதிருக்கு ஒரு கதை உண்டு. பிரிட்டிஷ் தத்துவவாதி ஜோனதன் குளோவர் 1975-இல் ஒரு கட்டுரையில் சொன்னது. ஓர் ஊரில் நூறு பேர் சாப்பிட உட்காருகிறார்கள், ஒவ்வொருவர் கிண்ணத்திலும் நூறு பயறு. நூறு கொள்ளையர்கள் வந்து ஆளுக்கு ஒரு கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். இது தவறு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அடுத்த வாரம் அதே கொள்ளையர்கள் கொஞ்சம் மனசாட்சியோடு வருகிறார்கள். இம்முறை ஒவ்வொருவரும் ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் ஒரே ஒரு பயறு மட்டும் எடுக்கிறார். ஒரு பயறு குறைந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. எந்தக் கொள்ளையனும் யாருக்கும் உணரத்தக்க தீங்கு செய்யவில்லை. ஆனால் நூறு கிண்ணமும் காலி. பத்தாண்டு கழித்து டெரக் பார்ஃபிட் இதை மேலும் இறுக்கினார். ஒரு செயலைத் தனியாக எடுத்து அதன் விளைவை மட்டும் பார்ப்பதுதான் பிழை என்றார். பலரும் சேர்ந்து செய்யும் செயல்களின் தொகுப்பு ஒருவரை நாசமாக்குகிறது என்றால், அந்தத் தொகுப்பில் ஒன்றாக இருப்பதே என் செயலைத் தவறாக்கப் போதும்.

எனக்கு இது சரியென்றே படுகிறது. ஆனால் நம் விதிகள் இரண்டாம் வாரக் கொள்ளையர்களுக்காக எழுதியவை போல இருக்கின்றன. 2006-இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால்தான் முன் அனுமதி தேவை. பத்து ஏக்கரை மனைகளாகப் பிரித்து விற்பவர் அந்தப் பக்கமே போக வேண்டியதில்லை. ஒவ்வொரு மனைப்பிரிவும் தனித்தனிக் கோப்பு, தனித்தனி ஒன்றரை மில்லிமீட்டர். தொகுப்பைப் பார்க்கும் மேசை எங்கும் இல்லை. நீர்நிலைக்கு அருகே இருந்தால் நீர்வளத் துறையிடம் வெள்ள அபாயம் குறித்துத் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் அதில் வரும் வழக்கமான நிபந்தனை என்ன தெரியுமா? மனையை வெள்ள மட்டத்துக்கு மேலே இவ்வளவு உயரம் நிரப்ப வேண்டும் என்பது. மனை வாங்குபவரைக் காப்பாற்ற இதைவிடச் சரியான நிபந்தனை கிடையாது. பக்கத்து வயல்காரரைப் பொறுத்தவரை, அவர் நிலத்துக்குத் தண்ணீரைத் தள்ளும்படி அரசே இட்ட உத்தரவு அது.

மென்பொருளில் ‘பேக்பிரஷர்’ என்று ஒன்று உண்டு. மேலே இருக்கும் நிரல் அளவுக்கு மீறி வேலையை அனுப்பினால், கீழே இருப்பது “என்னால் முடியவில்லை, நிறுத்து” என்று திரும்பச் சொல்லும் வசதி. இல்லாத அமைப்பை எந்த நல்ல குழுவும் வெளியே விடாது. பெரியவரின் வயலுக்கு அப்படி மேல்நோக்கிச் சொல்ல ஒரு வழி இருக்கிறதா என்று யோசித்தேன். மக்கள் குறைதீர் கூட்டம் இருக்கிறது, திங்கட்கிழமைகளில். தண்ணீர் எல்லா நாளும் வரும்.

சட்டத்தில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, மிகப் பழையது. ஒருவர் தன் நிலத்தில் ஏதாவது கட்டி மழைநீரின் போக்கை மாற்றி அண்டை வீட்டாருக்குத் தொல்லை தந்தால் வழக்குத் தொடுக்க ரோமானியர்கள் தனியே ஒரு வழக்கு முறையே வைத்திருந்தார்கள். நம் 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் ஏழாம் பிரிவும் அதையொட்டியதே. மேல்நிலத்தில் விழும் மழை இயற்கையாக வழிந்து வந்தால் கீழ்நிலத்துக்காரர் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்கிறது. எல்லாம் அந்த ‘இயற்கையாக’ என்ற சொல்லில் தொங்குகிறது. இயற்கையாக வந்தால் விதி, மனிதன் தள்ளினால் குற்றம்.

கேட்க நன்றாக இருக்கிறது. சிதம்பரம் வட்டாரத்தில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இங்கே இயற்கை எங்கே இருக்கிறது? வீராணம் ஏரியே பத்தாம் நூற்றாண்டில் வெட்டியது. கொள்ளிடம் கீழணையிலிருந்து வடவாறு வழியாக அதற்குத் தண்ணீர் வருகிறது. கான்சாகிப் வாய்க்கால் மனிதர் வெட்டியது. பரவனாற்றில் நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து இறைக்கும் தண்ணீரும் சேர்கிறது. ஆயிரம் ஆண்டுகளாக வெட்டி, கரை போட்டு, மதகு வைத்த நிலம் இது. இதில் எந்தச் சொட்டு ‘இயற்கையாக’ வந்தது என்று நீதிபதி எதைக்கொண்டு பிரிப்பார்?

இயற்கைக்குப் பதிலாக நம்மிடம் இருந்தது மாமூல். லஞ்சத்துக்கு வைத்த பெயராகிவிட்ட அந்தச் சொல், பாசனத்தில் வழக்கம் என்று பொருள்படும். எந்த மதகை எப்போது திறப்பது, யார் வயலின் வடிகால் யார் வயல் வழியே போவது என்பதெல்லாம் மாமூல். டெல்டா விவசாயி பாசன வாய்க்கால் என்றும் வடிகால் வாய்க்கால் என்றும் பிரித்துத்தான் பேசுவார். முன்னது கொண்டுவரும், பின்னது கொண்டுபோகும். பின்னதை மூடினால் முன்னதும் செத்துவிடும். மனை வியாபாரத்தில் முதலில் காணாமல் போவது இந்த வடிகால் வாய்க்கால்தான். கோடையில் அது வெறும் பள்ளம், புல்லும் கருவேலமும் மண்டிக் கிடக்கும், மனை பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் கோடையில்தான் வருகிறார்கள். ‘எஃப்.எம்.பி.’ நகலில் இரண்டு மெல்லிய கோடுகளாக அது இருக்கும். சிதம்பரத்தின் தில்லையம்மன் ஓடை, தெற்கே பாசிமுத்தான் ஓடை போன்ற பெயர்கள் வெள்ளச் செய்திகளில் மட்டும் ஞாபகத்துக்கு வருகின்றன.

மாமூலை ரொம்பவும் புகழ்ந்துவிடக் கூடாது. அதன் மொழியிலேயே மேலும் கீழும் உண்டு. மதகைத் திறந்து மூடி, எந்த வயலுக்கு எவ்வளவு என்று கண்ணால் அளந்து விட்டவர் நீர்க்கட்டி. தமிழகத்தின் பல ஊர்களிலும் அவர் தலித். நீரைப் பற்றி ஊரிலேயே அதிகம் தெரிந்தவருக்கு ஒரு குழி நிலம் இருக்காது, ஊர்க்கூட்டத்தில் பேச்சும் இருக்காது. அவருடைய தெரு எங்கே இருந்தது? பெரும்பாலும் பள்ளத்தில். 1882 சட்டம் ‘மேல்நிலம்’, ‘கீழ்நிலம்’ என்று எழுதும்போது வெறும் நிலமட்டத்தைத்தான் சொல்கிறது. நம் ஊரில் அந்தச் சொற்களை அப்படி வெறுமனே படிக்க முடியாது. கடலூர் மாவட்டத்தில் எந்த வெள்ளத்திலும் முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படுப்பவர்களும் கடைசியாக வீடு திரும்புபவர்களும் யார் என்று பார்த்தால் போதும். 2007-இல் ஏரிப் பாதுகாப்புக்கும் ஆக்கிரமிப்பு அகற்றலுக்கும் சட்டம் வந்தது. தேவையான சட்டம்தான். ஆனால் ஜேசிபி போவது ஓடைக்கரையில் பட்டா இல்லாத குடிசைக்கு. ஓடைக்குத் தண்ணீர் வரும் பத்து ஏக்கரை முறையான பட்டாவோடு நிரப்பியவர் ஆக்கிரமிப்பாளர் ஆவதில்லை.

இந்த மண்ணின் அறச்சிந்தனையில் இதற்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடினால் முதலில் வள்ளலார்தான் வருகிறார். சிதம்பரம் பக்கத்து மருதூரில் பிறந்தவர், 1867-இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கியவர். அவருடைய சீவகாருண்யம் பசியில் தொடங்குகிறது. பசி எல்லோரும் அனுபவித்தது, அடுத்தவர் முகத்தில் அதைப் பார்த்ததும் நம் வயிறே அறிந்துகொள்ளும். அந்த அறத்தின் பலம் அதுதான். நம் பிரச்சினையில் அதற்கு வேலை கொடுக்க முடியாமல் போவதும் அதனால்தான். நான் நிரப்பும் நாளுக்கும் அவர் வீட்டில் தண்ணீர் புகும் நாளுக்கும் இடையே ஏழெட்டு ஆண்டு இருக்கலாம். அவருடைய முகத்தை நான் பார்க்கவே போவதில்லை. கண்முன் நிற்பவரிடம் கருணை காட்டுகிற நல்ல மனிதர்கள், வரைபடத்தின் வெள்ளைப் பகுதியில் இருப்பவருக்கு மனமறியாமல் தீங்கு செய்ய முடியும். அப்படியென்றால் இங்கே கருணைக்குக் கண்ணாக இருக்க வேண்டியது கணக்கு. வடிகால் ஆய்வறிக்கை என்ற வறட்டுக் காகிதத்துக்கு அவ்வளவு பெரிய வேலை இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

அந்தக் காகிதத்தில் ஒளிந்திருக்கும் தீர்ப்புகளைப் பாருங்கள். எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழைக்கு வடிகால் வடிவமைப்பது என்று ஒரு எண் வரும். மத்திய அரசின் 2019 மழைநீர் வடிகால் கையேடு பெருநகர மையங்களுக்கு ஐந்தாண்டு மழை என்கிறது, சிறு நகரங்களுக்கு அதைவிடக் குறைவு. பெரிய மழைக்கெல்லாம் வடிகால் கட்டப் பணம் கிடையாது என்பது நியாயம்தான். ஆனால் வடிகாலுக்கு மிஞ்சிய மழை ஆவியாகிவிடாது. அது யார் வாசல் வழியே போகும் என்பதை அந்த எண் சொல்லாமல் சொல்லிவிடுகிறது. அதைத் தேர்ந்தெடுப்பவர் பொறியாளர் மட்டுமல்ல, ஒரு விதத்தில் பஞ்சாயத்துத் தலைவரும்கூட.

மாமாவின் பக்கமும் இருக்கிறது. முப்பது வருடம் அரசுப் பள்ளியில் வேலை பார்த்தவர். ஓய்வுப் பணத்தில் ஒரு மனை. நிரப்பாத மனையை வாங்கி, மழைக்காலத்தில் கட்டிலுக்குக் கீழே செங்கல் வைத்துத் தூக்கிக்கொள்ளச் சொல்ல எனக்கு என்ன உரிமை? நகராட்சி ஒவ்வொரு முறையும் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுச் சாலை போடும். வீடுகள் பள்ளத்துக்குப் போகும். அடுத்த வீட்டுக்காரர் இன்னும் இரண்டடி தூக்கிக் கட்டுவார். தரையை உயர்த்தும் இந்தப் போட்டியில் முதலில் இறங்குபவன் ஏமாளி. தனிமனிதர்களுக்கு அறிவுரை சொல்வது இதில் மலிவான வேலை. வரைபடமும் நிலமட்டமும் கிராமக் கணக்கும் கையில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுபவர்களுக்குத்தான் முதல் பொறுப்பு. அவர்களிடம் கேட்கக்கூடியவை கடினமானவையும் அல்ல. கட்டுமானத்துக்கு முன்பு எவ்வளவு வேகத்தில் தண்ணீர் வெளியேறியதோ பின்பும் அதற்கு மேல் கூடாது, மிஞ்சுவதை உள்ளேயே ஒரு குட்டையில் தேக்கு. எத்தனை கனமீட்டர் தேக்கத்தை அழிக்கிறாயோ அத்தனையை மனைப்பிரிவுக்குள் வெட்டிக் கொடு. அம்பு எல்லையில் நிற்கக் கூடாது, அது போய்ச் சேரும் ஓடையின் புல எண் வரை வரைந்திருக்க வேண்டும்.

மாமாவிடம் ஒரே ஒரு விஷயத்தில்தான் கொஞ்சம் கறாராகப் பேசினேன். “நமக்கென்னடா தெரியும்” என்றார். நான்கு வழிச்சாலையில் காரை நிறுத்திவிட்டு வரப்பில் இருப்பவரிடம் ஐந்து நிமிடம் பேசினால் தெரிந்துவிடும், மாமா. தெரியாது என்று சொல்லத் தகுதி வேண்டுமானால், குறைந்தது கேட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

கேட்பதைப் பற்றி ஒரு உதாரணம் மட்டும். நெதர்லாந்தில் ‘ஆற்றுக்கு இடம்’ என்ற திட்டத்தில் வெள்ளநீரைத் தாழ்ந்த விளைநிலங்களில் விட முடிவானபோது, ஓவர்டீப்ஸ என்ற இடத்து விவசாயிகள் தாங்களே ஒரு யோசனை வைத்தார்கள். கரையைத் தாழ்த்திக்கொள்ளுங்கள், தண்ணீர் வரட்டும், எங்கள் பண்ணை வீடுகளை மட்டும் மண்மேடு போட்டு உயர்த்திக் கட்டிக் கொடுங்கள். அப்படியே நடந்தது. அந்த நாட்டின் பணமும் நம்மிடம் இல்லை, ஆள் குறைவான அந்தப் பரப்பும் இல்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அங்கே கீழ்நிலம் தண்ணீர் வாங்குவது ஒரு சேவை என்று ஒப்புக்கொண்டு, அதற்கு விலையும் பேசினார்கள்.

தெற்கு வயல் பெரியவரிடம் அன்றே இதைக் கேட்டேன். தண்ணீரை உங்கள் வயல் தாங்குகிறதே, அதற்கு யாராவது வருடா வருடம் ஏதாவது கொடுத்தால் வாங்கிக்கொள்வீர்களா? சிரித்தார். அவரிடம் வேறு ஒரு விலை ஏற்கெனவே வந்திருக்கிறது, மனைப்பிரிவின் இரண்டாம் கட்டத்துக்கு. பையன் சென்னையில், பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. மூன்று போகத்தில் ஒரு போகம்தான் ஒழுங்காக வீடு வருகிறது. “தை அறுப்பு முடியட்டும்னு சொல்லியிருக்கேன்” என்றார். அவர் வயலுக்குத் தெற்கே இன்னும் கொஞ்சம் தாழ்வாக ஒரு வயல், அதற்கப்பால் ஒரு தெரு, ஓட்டு வீடுகள், ஒரு கைப்பம்பு, ஒரு மாதா கோயில். எட்டிப் பார்த்தால் தெரிகிற தூரம்தான்.